பட்டன் மேல் தப்பில்லை

அன்புள்ள மெனோவுக்கு,

இன்று காலை ஆஸ்பத்திரி அறைக்கு டாக்டர் வந்தபோது நானும், நம் மகள் லொவினாவும், எங்களைக் காரில் கூட்டிவந்த சூசன் அம்மாவும் இருந்தோம். கர்த்தர் கிருபையால் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

லொவினாவுக்கு ஆஸ்துமாவே இல்லையாம். ஒரு பக்கத்து மூச்சுக்குழாய்க்குள் பட்டாணி அளவில் ஒரு கட்டி. புற்று இல்லை, பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருவதாம். வாய்வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள். "ஒரு பக்கம் மட்டும் விசில் சத்தம் கேட்டுச்சே, அதுதாம்மா அடையாளம்" என்றார் டாக்டர்.

கண் விழித்ததும் அவள் கேட்டாள்: "அப்போ என் குதிரை மேல தப்பே இல்லையாம்மா?"

மூன்று வருடம் நோட்டில் தேதி போட்டு எழுதினேன், குதிரையைத் தேய்த்தாள், மூச்சு இளைத்தது என்று. ஓடியாடி வேலை செய்ததால் இளைத்தது என்று எனக்குத் தோன்றவேயில்லை. குதிரை முடிதான் அவளுக்கு ஆகவில்லை என்று அந்த நோட்டைக் காட்டித்தானே, உங்களை மார்ச் மாதக் குதிரை ஏலத்தில் பட்டனை விற்க வைத்தேன்.

"தப்பில்லடி" என்றேன். "அப்போ கூட்டிட்டு வா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் கறுப்புச் சால்வையை அனுப்புங்கள். இங்கே குளிர், நம் சபையாரின் பேச்சைப் பேசவும் ஆளில்லை. அந்த ஏலத்துக்குக் கறிக்குக் குதிரை வாங்குகிறவர்களும் வருவார்கள். பட்டனை யார் வாங்கினார்கள் என்று விசாரித்து, எதுவானாலும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் ஈடா