ஆறடி மதிலும் முழங்கால் தண்ணீரும்

நவம்பர் 23
மழை. நாரந்தனையில் எங்கள் வீட்டு வளவுக்குள் கணுக்கால் தண்ணீர். ஒவ்வொரு மாரியும் இப்படி வந்து, கிழக்கு வேலிக்குள்ளால் நழுவி, பக்கத்து வீட்டுத் தம்பிஐயா மாமாவின் வளவைக் கடந்து தரவை வெளியில் இறங்கிவிடும். இந்த ஏப்ரலில் அப்பா அந்த வேலியைப் பிடுங்கி மதில் கட்டினார். ஓர் அடி எல்லைச் சண்டை. அன்றிலிருந்து இருவருக்கும் கதை இல்லை. தண்ணீருக்கு இதை யாரும் அறிவிக்கவில்லை.

நவம்பர் 25
கிராம சேவகர் வந்துபோனார். இன்னும் இரண்டு நாள் பலத்த மழையாம்.
அம்மா காணி உறுதி, அடையாள அட்டைகள், மருந்து எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரிக்கு மேல் ஏற்றினார். பிறகு அரிசி. நான் கவிதைப் புத்தகங்கள்.
"உந்தப் புத்தகத்தை அவிச்சுச் சாப்பிடலாமோ?" என்றார் அம்மா.
நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்ததில் இதற்குப் பாடம் இருக்கவில்லை.

நவம்பர் 26
முற்றத்தில் முழங்கால். குசினிக்குள்ளும், அடுப்படிவரை வந்துவிட்டது. மெயின் சுவிச்சை நிறுத்தினேன். என் ஒரே பங்களிப்பு.
பயம் வீட்டுக்கல்ல, கிணற்றுக்கு. இந்தத் தீவில் உப்பில்லாத தண்ணீர் எத்தனை வீட்டில் உண்டு? மலக்குழி நிரம்பிவிட்டது. கிணற்றுக்கட்டின் விளிம்புக்கு இன்னும் ஒரு சாண். அதைத் தாண்டினால் —
அப்பா போய்ப் போய் அளக்கிறார். அளந்தால் குறையுமா?
"மதிலை இடியுங்கோவன்," என்றார் அம்மா.
"இடிச்சால் தண்ணி அவரின்ரை வளவுக்குள்ளைதான் போகும். கேக்காமல் ஏலுமே?"
"அப்ப கேளுங்கோ."
அப்பா வானத்தைப் பார்த்தார்.

நவம்பர் 27, காலை
கிணற்று விளிம்புக்கு இன்னும் நாலு விரல்.
அப்பா மதிலுக்கு முன்னால் போய் நின்றார். எட்டிப் பார்க்க முடியாது. அப்படித்தானே கட்டினார்.
"தம்பிஐயா அண்ணை... நிக்கிறியளோ?"
அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல்:
"ஆர், மதிலோ கதைக்குது?"
அம்மா சிரிப்பை அடக்கக் குசினிக்குள் போய்விட்டார்.
"கிணறு போகப்போகுது அண்ணை. ஒரு ஓட்டை போட்டால்... உங்கட பக்கம்தான் வரும்."
"வரட்டும். முந்தியும் வந்ததுதானே. எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லும்."
உடனேயே அலவாங்குக் கம்பி மதிலில் மோதும் சத்தம். முதலே எடுத்து வைத்திருந்தாரோ?
"மெல்ல அண்ணை, மெல்ல!"
"எட்டு மாசம் பொறுத்தனான். மெல்ல இடிக்க ஏலாது!"

நவம்பர் 28
வடிகிறது. எங்கள் கிணறு தப்பியது. மாமாவின் கிணறு தப்பவில்லை. ஒரேயடியாகப் பாய்ந்த வெள்ளம் உயரம் குறைந்த அவருடைய கிணற்றுக்கட்டைத் தாண்டிவிட்டது.
இடிக்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்குமா? கேட்க வெட்கமாயிருக்கு.

நவம்பர் 29
சேறு. சேறு.

டிசம்பர் 1
பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். மாமாவின் கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டார்கள். சோதித்துச் சொல்லும்வரை அதில் குடிக்கக்கூடாது. எங்களையும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கச் சொன்னார். வயர் காயும்வரை மின்சாரம் இல்லை. எழுத்து மெழுகுதிரி வெளிச்சத்தில். அழகாயில்லை, கண் எரிகிறது.

டிசம்பர் 5
ஓட்டையை யாரும் அடைக்கவில்லை.
காலை ஆறரைக்கு அப்பா மாமா வீட்டுக்கு இரண்டு வாளி தண்ணீரோடு அதற்குள்ளால் குனிந்து போகிறார். இது ஐந்தாவது நாள். திரும்பிவர முக்கால் மணித்தியாலம்.
"தாங்கோ, நான் கொண்டுபோறன்," என்றேன்.
"உமக்கு வழி தெரியாது."
பதினைந்து அடி இருக்கும்.