அந்தச் சுத்தம் எனக்கு வேண்டாம்

அன்னவாசல்,
பங்குனி கடைசி செவ்வாய்.

அன்புள்ள மச்சானுக்கு,

சொர்ணவல்லி எழுதிக்கொள்வது. அத்தை சுகம். உங்கள் மகள் காவ்யா சுகம், காலேஜுக்குப் போய் வருகிறாள். மாடும் கன்றும் சுகம். இந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் சுகம்தான். நீங்கள் அங்கே வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் சொல்லலாமே, எதற்குக் கடுதாசி என்று நினைப்பீர்கள். போன் வந்தால் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்கள். உங்கள் ரூமிலும் கட்டிலுக்குக் கட்டில் ஆள் இருக்கிறது. என் வயிற்றுச் சங்கதியை ஊர் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டுவிட்டது. ஜெரால்டு லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத்துக்குக் கிளம்புகிறாராம். எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் உங்கள் தம்பி திருமுருகன் செய்த காரியம். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த கர்ப்பப்பையைத் தட்டில் வைத்து, வெளியே நிற்கும் சொந்தக்காரர்களிடம் காட்டினார்கள். காவ்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உங்கள் தம்பி போனை எடுத்துப் படம் பிடித்திருக்கிறார். அண்ணனுக்கு அனுப்ப என்றார், சரி. டீக்கடையில் எதற்குக் காட்ட வேண்டும்? பால் ஊற்ற வருகிற பெண் என்னிடமே கேட்கிறாள், இத்தாம் பெரிய கட்டியாமே அக்கா, எங்க வீட்டுக்காரர் போட்டோவில் பார்த்தாராமே என்று. எனக்குள் இருந்தது டீக்கடை பெஞ்சு வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறது. சீ! உங்கள் ரூமில் யார் யார் பார்த்தார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. இன்னும் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் அதற்கு மேல். ஆர்லிக்ஸும் சாத்துக்குடியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் வயிற்றையே பார்த்துக்கொண்டு முறுக்குக் கடிக்கிறார்கள். இனி நீயும் ஆம்பளையும் ஒன்றுதான் என்கிறாள் ஒருத்தி. இனி ஒன் வீட்டுக்காரர் லீவுல வந்து என்ன செய்யப் போறார் என்று கண்ணடிக்கிறாள் இன்னொருத்தி. அதற்கு அத்தையும் சேர்ந்து சிரிக்கிறார்கள். நான் தூங்குகிற மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

டாக்டரம்மா எல்லாம் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். நடக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக வீட்டு வேலை பார்க்கலாம், ஆனால் குடம், அண்டா, மூட்டை எதையும் மூன்று மாசத்துக்குத் தொடக் கூடாது. நானும் யோசித்து வைத்திருந்தேன். மே மாசம் ஸ்கூல் லீவு. ஜூனில் திறக்கும்போது வேலைக்குப் போய்விடலாம். அதுவரைக்கும் சத்துணவுக் கூடத்தை உதவியாளர் ராசாத்தி சமாளிப்பாள். அவள் வைக்கிற சாம்பார் நான் வைப்பதைவிட நன்றாக இருக்கும், அதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். இப்படி நான் பாட்டுக்கு நிம்மதியாகப் படுத்திருந்தேன்.

அப்புறம்தான் கோயில் திருவிழாவுக்காக அந்தக் கூட்டம் நடந்தது. முளைப்பாரி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மூக்காயி சின்னம்மா இடுப்பு எலும்பு முறிந்து மகள் வீட்டுக்குப் போய்விட்டது. விதை தூவியதிலிருந்து கோயிலில் சேர்க்கும் வரைக்கும் அந்த இருட்டறையில் இருந்து பானைகளுக்குத் தண்ணீர் தெளிக்க ஒரு பொம்பளை வேண்டும். அவளுக்குப் புருஷன் உயிரோடு இருக்க வேண்டும், மாசத் தூரமும் வரக் கூடாது. இரண்டும் சேர்ந்த ஆளை எங்கே தேடுவது என்று ஆம்பளைகள் எல்லாம் கோயில் வாசலில் உட்கார்ந்து யோசித்தார்கள். கோயில் வாசல் நம் சன்னலுக்கு எதிரேதானே, கட்டிலில் படுத்தபடியே எல்லாம் கேட்டேன். ஆண்டியப்பன் மாமாதான் கண்டுபிடித்தார். "நம்ம சொர்ணவல்லிக்குத்தான் எடுத்தாச்சுல்ல. இனி அது சுத்தமான பொம்பளை."

ஒருத்தர்கூடச் சங்கடப்படவில்லை மச்சான். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி என்னைப் பற்றிப் பேசினார்கள். உங்கள் தம்பி உடனே உங்களுக்கு வீடியோ போட்டார். உங்கள் குரல் நன்றாகவே கேட்டது. "அவ இனி வேலைக்குப் போகலைங்க மாமா. வீட்ல சும்மாதான் இருக்கா, வரச் சொல்றேன்." நான் எட்டிக் கூப்பிட்டால் கேட்கிற இடத்தில் படுத்திருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க அவர்களுக்கும் தோன்றவில்லை, குவைத்தில் இருக்கிற உங்களுக்கும் தோன்றவில்லை.

எனக்கு எப்போது வந்தது இந்தச் சுத்தம்? கட்டி இருந்த காலத்தில் மாசத்தில் பாதி நாள் எனக்குப் போய்க்கொண்டே இருந்தது. முந்தின வருஷத் திருவிழாவுக்கு என்னை மாட்டுக் கொட்டகையில்தான் படுக்க வைத்தார்கள், தட்டு தனி, டம்ளர் தனி. அந்த வருஷம் முளைப்பாரி வெளுத்துப் போய் நோஞ்சானாக வந்ததற்கு என் நிழல் பட்டதுதான் காரணம் என்று சொன்னவரும் இதே ஆண்டியப்பன் மாமாதான். ரத்தம் இல்லாமல் நான் குழாயடியில் மயங்கி விழுந்தபோது யாரும் கூட்டம் போடவில்லை. இப்போது அறுத்து எடுத்த பிறகு நான் சுத்தமாம். அம்மன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நார்த்தாமலை மாரியாத்தாவுக்கு நான் இன்னும் விளக்குப் போடத்தான் செய்கிறேன். இந்த மனுஷர்களைக் கண்டால்தான் அருவருப்பாக இருக்கிறது.

இது என்ன பெரிய வேலை, தண்ணீர் தெளிப்பதுதானே என்றார்கள் அத்தை. தெருக்குழாயிலிருந்து குடம் குடமாக யார் தூக்குவது? அடுத்தவர் கை படக் கூடாது என்பதும் அவர்கள் சொல்வதுதான். டாக்டரம்மா சொன்னதை எடுத்துச் சொன்னேன். சாமி காரியத்தில் ஒன்றும் ஆகாது என்று முடித்துவிட்டார்கள்.

போன வாரத் திங்கட்கிழமை காப்புக் கட்டுவதாக இருந்தது. விடிந்ததும் குளித்து, சேலை கட்டிக்கொண்டு நான் ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டேன். வேலை பார்க்க இல்லை, சும்மா ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கத்தான். வேலைக்குப் போகிறவள் என்று தெரிந்தால் கோயிலுக்கு வேறு ஆளைப் பார்ப்பார்கள் என்பது என் எண்ணம். போனால், ஹெச்.எம். டீச்சர் என்னைப் பார்த்து முழிக்கிறார். நான் வேலையை விட்டு நின்றுகொள்வதாக உங்கள் தம்பி வந்து சொல்லிவிட்டுப் போனாராம். நீங்கள்தான் சொல்லச் சொன்னீர்களாம். நல்ல வேளை, சொர்ணவல்லி வாயால் கேட்காமல் மேலே சொல்ல மாட்டேன் என்று டீச்சர் நிறுத்தி வைத்திருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். சோறு வடிக்கிற நேரம். தொடாதீங்க அக்கா என்று ராசாத்தி கையைப் பிடித்தாள். உதறிவிட்டு அண்டாவை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன். நான் ஒன்றும் முடிந்துபோனவள் இல்லை என்று யாருக்குக் காட்டினேனோ, ராசாத்தியைத் தவிர அங்கே ஆளே இல்லை. அடிவயிற்றில் சுருக்கென்று ஏதோ விட்டுப்போனது. கொஞ்ச நேரத்தில் கால் நனைந்துவிட்டது. புத்தி கெட்ட வேலைதான். நீங்கள் திட்டுவதற்கு முன்னால் டாக்டரம்மா திட்டிவிட்டார், அதனால் நீங்கள் விட்டுவிடுங்கள்.

ராசாத்தி ஆட்டோ பிடித்து வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினாள். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு, காவ்யாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டுமே. எதிரே முளைப்பாரி வீட்டுக்கு வெள்ளையடித்து, எல்லோரும் எனக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள். என் சேலையைப் பார்த்ததும் அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆண்டியப்பன் மாமா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தீட்டு தெருவைத் தாண்டிவிட்டது, கோமியம் கொண்டாங்கடா என்று கத்தினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒருத்தரும் கிட்டே வரவில்லை. காவ்யாதான் உள்ளே இருந்து ஓடி வந்தாள். "அம்மாவுக்கு ரத்தம் போகுது. மொதல்ல வழிய விடுங்க, கோமியத்த அப்பறம் தெளிச்சுக்கலாம்" என்றாள். என்னைப் பிடித்துத் தூக்கி மறுபடி ஆட்டோவில் உட்கார வைத்தவளும் அவள்தான்.

உள்தையல் ஒன்று விட்டிருந்ததாம். இரண்டு நாள் படுக்க வைத்துச் சரிசெய்து அனுப்பினார்கள். பெரிய ஆபத்தில்லை, பயப்படாதீர்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இங்கே வேறு விசாரணை நடந்திருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்த பிறகு ரத்தம் எப்படி வரும், டாக்டர் பாதியை உள்ளேயே விட்டுவிட்டாரோ என்று ஆண்டியப்பன் மாமாவுக்குச் சந்தேகமாம். உங்கள் தம்பி மறுபடி போனைத் திறந்து, அந்தப் படத்தைப் பெரிசாக்கி, விரலை வைத்து விளக்கம் சொன்னாராம். த்தூ! இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

முளைப்பாரிக்குப் பக்கத்து ஊரிலிருந்து செவந்தி என்று யாரையோ கூட்டி வந்துவிட்டார்கள். நான் மறுபடி தீட்டுக்காரி ஆகிவிட்டேன். திருவிழா முடியும் வரைக்கும் கொட்டகையில் படுத்துக்கொள் என்றார்கள் அத்தை. முடியாது என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கட்டிலில் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஜூனில் வேலைக்குப் போவது இனி நடக்காது. ஜூன் கடைசியில் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா, அப்போது பார்த்துத்தான் நாள் சொல்வாராம். ஜூலையாகலாம், ஆகஸ்டாகலாம். அந்த நாளை டாக்டரம்மாவும் நானும்தான் முடிவு பண்ணுவோம். கோயில் வாசலோ உங்கள் தம்பியோ அதில் வாயைத் திறக்கக் கூடாது. உன்னைக் கஷ்டப்பட விடக் கூடாது என்றுதான் வேலையை விடச் சொன்னேன் என்பீர்கள். அப்படியானால் குடத்தை மட்டும் ஏன் என் தலையில் ஏற்றினீர்கள்? ஸ்கூல் வாசலில் பிள்ளைகள் என்னை ஆயாம்மா என்றுதான் கூப்பிடும். அந்த ஒரு இடத்தில்தான் என் உடம்பை யாரும் விசாரிப்பதில்லை, சாப்பாடு ரெடியா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

நீங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் அந்த வாக்கைக் கொடுத்தீர்கள். அதே மாதிரி அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தம்பிக்கு வீடியோ போட்டு, ஆண்டியப்பன் மாமா முன்னால், சொர்ணவல்லி வேலைக்குப் போவாள் என்று சொல்லுங்கள். ஹெச்.எம். டீச்சரிடமும் பேசிவிடுங்கள். இதை நான் கோபத்தில் கேட்கிறேன் என்று நினைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன் என்று நினைத்தாலும் சரி.

இன்னொன்று. ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து நீங்கள் எத்தனையோ தடவை பேசிவிட்டீர்கள். சாப்பிட்டியா என்று கேட்டீர்கள், எப்ப எந்திரிச்சு நடப்பே என்று கேட்டீர்கள், அம்மா சொல்றதக் கேளு என்றீர்கள். வலிக்குதா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை மச்சான். அடுத்த தடவை அதை மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் வரைக்கும் போனை வைக்காமல் இருங்கள். கொஞ்ச நேரம் ஆகும்.

மாரியாத்தா உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொர்ணவல்லி,
சத்துணவு சமையலர்.