அஞ்சாவது எலுமிச்சம்பழம்

மாப்ள,

கிழக்கே பார்த்து உட்கார்ந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, இன்று நான் சத்தியம் பண்ணிச் சொல்லப்போகும் கதையை மதுரை ஜில்லாவில் ஒரு ஜீவன்கூட நம்பப்போவதில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. கதையில் பாதி உங்களுடையது. நீங்கள் வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

காலையில் ஆயுத பூசை. திருப்பரங்குன்றம் ரோட்டில் உங்கள் வேன் நிற்கும் தகரக் கொட்டகைக்குள் நுழைந்ததுமே மூக்கில் அடித்தது. நசுங்கிய எலுமிச்சம்பழமும் கிரீசும் பன்னீர் தெளித்த ரப்பரும் கலந்த வாசனை. எந்த அத்தர் வியாபாரியாலும் அதைக் காய்ச்ச முடியாது. என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்த அன்றே உங்களிடம் அது லேசாக அடித்தது. நாங்கள்தான் வெறும் பன்னீர் என்று நினைத்துப் பெண்ணைக் கொடுத்துவிட்டோம்.

ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் நாலு சக்கரத்துக்கு நாலு பழம் வைத்து, ஏற்றி நசுக்கிவிட்டு, பொரியைத் தின்றுகொண்டே வீட்டுக்குப் போவார்கள். நீங்கள் ஒருவர்தான் அஞ்சு வாங்குவீர்கள். அஞ்சாவது, வண்டியின் வயிற்றுக்கடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னிக்கு.

“நாலும் வருசம் பூரா ஓடுது, கும்புடுறோம். இது பாவம், இருட்டுலயே தொங்குது. இதுக்கு மட்டும் சாமி கிடையாதா மச்சான்?”

தொங்குகிற சக்கரம் பழத்தை எப்படி நசுக்கும்? அதற்குத்தான் அந்தப் பெருவிழா. சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்து வண்டிக்கடியில் போவீர்கள். போல்ட்டைத் திருகி, சங்கிலியைத் தளர்த்தி, பிரசவம் பார்ப்பதுபோல ஸ்டெப்னியை இறக்குவீர்கள். கழுவி, இடுக்கில் மாட்டிய கல்லையெல்லாம் நோண்டி எடுத்து, காற்றைப் பார்த்து, பின்னால் இடப்பக்கம் மாட்டுவீர்கள். அங்கிருந்து கழற்றிய சக்கரம் அடுத்த பூசை வரைக்கும் ஸ்டெப்னி. அதற்குக் காற்று மற்றதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்க வேண்டும், தொங்கத் தொங்கக் குறையும் என்பீர்கள். “உருளாத டயரு சும்மா இருந்தே கிழடு தட்டிரும் மச்சான்.” இதைச் சொல்லும்போது என் தொப்பையைப் பார்ப்பீர்கள். கவனித்திருக்கிறேன். சங்கிலிக்கும் போல்ட்டுக்கும் நீங்கள் அப்புகிற கிரீசில் ஒரு தெருவே தீபாவளிக்குப் பலகாரம் சுடலாம்.

“இம்புட்டுச் சீராட்டுறீகளே மாப்ள, அப்படியே காதும் குத்திருவமா?” என்று ஒரு வருசம் கேட்டேன்.

“தாய்மாமன் நீங்கதான மச்சான்? மடியில வச்சுக்கங்க.”

வைத்தேவிட்டீர்கள்! புது வேட்டி. வைகையில் எத்தனையோ தரம் வெள்ளம் வந்து போயும் அந்தக் கறை போகவில்லை.

கடைசியாக, கழற்றிய சக்கரத்தைத் தொங்கவிடுமுன் சந்தனம் குழைத்து, குங்குமம் வைப்பீர்கள். அதுவும் மேல்பார்த்த பக்கத்தில். தங்கச்சி தலையில் அடித்துக்கொள்வாள். “வண்டி அடியைப் பாத்துத் தொங்கப்போற பக்கத்துல பொட்டு வைக்கிறீகளே, யாரு பாக்கப்போறா?”

“கழட்டுறவங்க பாப்பாங்க” என்பீர்கள்.

போன பூசைக்கு அப்படிப் பொட்டு வைத்துத் தொங்கவிட்டீர்கள். கார்த்திகை பிறக்கவில்லை, போய்விட்டீர்கள். இதை மட்டும் பெரிசுபண்ணிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை மாப்ள. மேலே போகிறேன்.

வண்டி மழைக்காலம் முழுக்க அப்படியே நின்றது. “கண்ணுல படுறப்பெல்லாம் அவுக எறங்கி வர்ற மாதிரியே இருக்குண்ணே. வித்துருவோம்” என்றாள் தங்கச்சி. உங்கள் மகள் இந்து ஒத்துக்கொள்ளவில்லை. மேலூர்ப் பக்கத்துப் பெண்கள் மதுரையில் தையல் கம்பெனிக்கு வருகிறார்கள் அல்லவா, அவர்களைக் காலையில் கூட்டி வந்து சாயங்காலம் கொண்டுபோய் விடப் பேசி முடித்துவிட்டாள். வண்டி இருந்தால் பிழைப்பு. “கெழட்டு வண்டியோட நடுரோட்டுல நிக்கப்போறியா?” என்று தாய். “நின்னா நான் பாத்துக்கிறேன்” என்று மகள். வீட்டில் சாம்பார்கூடக் கொதிக்கவில்லை. இவர்கள் இருவர்தான் கொதித்தார்கள்.

பதினெட்டுப் பட்டிக்கும் நாட்டாமையான நான் துண்டை உதறித் தோளில் போட்டுத் தீர்ப்புச் சொன்னேன். மேலூரைத் தாண்டி இருக்கிற குலசாமி கோயிலுக்கு இந்து எங்களை ஓட்டிப் போகட்டும். வழியில் நிற்காமல் போய்த் திரும்பினால் வண்டி அவளுக்கு. நின்றால் விற்றுவிடுவது. இருவரும் சரி என்றார்கள்.

தை மாதத்து வெள்ளிக்கிழமை கிளம்பினோம். மேலூர் வரைக்கும் வண்டி ஓடவில்லை மாப்ள, மிதந்தது. ஊர் தாண்டி, இரண்டு பக்கமும் நெல் வயலாக வந்தபோது பின் டயர் வெடித்தது பாருங்கள்! சொல்லாமல் கொள்ளாமல் எவனோ கல்குவாரியில் வெடி வைத்துவிட்டான் என்று மேஸ்திரிகள் நாலா பக்கமும் ஓடி வந்தார்கள். வயலில் நின்ற கொக்குகள் இலங்கைக்குப் போனவை இன்னும் திரும்பவில்லை. டயரில் ஏறியிருந்த ஆணி, சத்தியமாக, கலப்பைக் கொழு கனம்.

தங்கச்சி சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். “நின்னுருச்சுல்ல?”

இந்து சாக்கை எடுத்து விரித்தாள். சங்கிலி துருப்பிடித்து இறுகி, நல்ல டயரை வயிற்றில் வைத்துக்கொண்டே நடுரோட்டில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தவன் நான். போல்ட் அசையாவிட்டால் உங்கள் வண்டியை விற்றவன் யார்? தீர்ப்புச் சொன்ன நான்தானே?

“வரலைன்னா என்ன மாமா செய்ய?” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

“வரும்த்தா. உங்கப்பன் வச்ச கிரீசு. மதுரையே வழுக்கும்.” சொன்னேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை.

அவள் ஸ்பேனரைக் கொடுத்து ஒரு திருகு திருகினாள். முனகல்கூட இல்லை. பல்லக்கிலிருந்து மகாராஜா இறங்குவதுபோல ஸ்டெப்னி மெள்ள மெள்ள இறங்கியது. முஷ்டியால் ஒரு குத்துக் குத்தினேன். கல்லு மாதிரி காற்று. இழுத்து வெயிலில் போட்டோம்.

சுற்றிலும் சேறு. மேல்பார்த்த பக்கத்தில் மட்டும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம்.

தங்கச்சி வண்டியை விட்டு இறங்கி வந்தாள். குனிந்து பார்த்தாள். தொடவில்லை. “கழட்டுறவங்க பாப்பாங்கன்னு சொன்னாகண்ணே” என்றாள். மூக்கைச் சிந்திவிட்டு என்னையே விசாரித்தாள். “பஞ்சருக்கு ஒதுங்குனா, அது நின்ன கணக்குல சேருமாண்ணே?”

“எந்தச் சட்டத்துலயும் சேராது” என்றேன், நாட்டாமைக் குரலில்.

“அப்ப வெரசா மாட்டுத்தா. கோயில் நடையச் சாத்திருவாக. பொட்டு அழியாமப் பாத்து மாட்டு.”

இப்போது நான் பல் விளக்குமுன் இந்து மேலூருக்குப் போய்த் திரும்பிவிடுகிறாள். வேனுக்குள் அந்தப் பெண்கள் போடுகிற கூச்சலில் ஹாரனே தேவையில்லை. இன்று காலை பையிலிருந்து பழங்களை எடுத்து வைத்தாள். அஞ்சு. அடியில் போய் இறக்கி, கழுவி, மாட்டி, நசுக்கினாள். சந்தனக் கிண்ணத்தோடு தங்கச்சி பக்கத்தில் நின்றாள். “மாமா, மடி காலியா?” என்று இந்து கேட்டாள். இந்தத் தடவை பழைய வேட்டிதான் கட்டிப் போயிருந்தேன். உட்கார்ந்தேன்.

கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் இந்தத் தொப்பையோடு குனிந்து ஸ்டெப்னியை ஒரு குத்துக் குத்திப் பார்க்கிற வழக்கம் என்னோடு ஒட்டிக்கொண்டது. போகிறவர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். யாராவது குத்திப் பார்க்க வேண்டும் அல்லவா?

மேஸ்திரிகள் ஓடி வந்தது பொய் மாப்ள. கொக்குகள் அங்கேயேதான் மேய்ந்துகொண்டிருந்தன. டயர் வெடிக்கவே இல்லை. உஸ் என்று இறங்கியது. ஆணியும் காலண்டர் மாட்டுகிற ஆணிதான். இத்தனைக்கும் நடுவில் சின்னதாக ஒன்று மட்டும் நெசம். அந்தப் பொட்டு இருந்தது. உங்கள் விரல் அகலத்துக்கு, வைத்த இடத்தில், அப்படியே இருந்தது.