உப்பு மறந்தார் வீட்டுப் பந்தி

இன்று காலைக் கஞ்சியை வாயில் வைத்ததும் உன் நினைவு வந்தது. என் பிரஷரைப் பார்த்த டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். என் மருமகளுக்குக் குறைப்பது என்றால் நிறுத்துவது. சில மாதங்களாக இந்தச் சப்பென்ற கஞ்சிதான் எனக்கு. நாக்கு சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டது.

போன வாரம் உன் மகன் கல்யாணம் முடிந்தது. மண்டபத்தில் நின்ற வலி இன்னும் முட்டியை விட்டுப் போகவில்லை. ஜங்ஷன் பக்கம் போய் மாத்திரை வாங்கக்கூட ஆட்டோ வேண்டியிருக்கிறது. ஆனாலும் நடந்ததை உன்னிடம் யாராவது சொல்ல வேண்டுமே. உன் வீட்டுக்காரர் உனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள் சொல்ல?

நீ செராமிக் கம்பெனிக்கு வேலைக்கு வந்த முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பியூஸ் கட்டைகளின் ஓரத்தில் துருத்தியிருக்கும் மண்ணைச் சுரண்டும் வேலை. உன்னை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எந்த வீட்டுப் பெண் என்று மேஸ்திரி கேட்டார். "உப்பு மறந்தார் வூட்டு மருமவங்க" என்றாய். ஷெட்டே சிரித்தது. அன்றிலிருந்து யார் குழம்பில் உப்பு குறைந்தாலும் எல்லோரும் உன்னைத்தான் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன், மறைப்பானேன்.

நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அதோடு கதை முடிந்தது. அதற்குமேல் ஒரு வகையறாப் பெயர் இருந்தாலும் நாட்டார், பெரிய வீட்டார் என்று மீசையை முறுக்கிக்கொண்டு இருக்கும். தன் குறையைத் தானே தலையில் சூடிக்கொண்ட குடும்பம் உன்னுடையது ஒன்றுதான். உங்கள் ஆட்கள் எல்லோரையும் கூட்டினாலும் ஒரு பந்தி நிரம்பாது. உன் மகன் ஒருமுறை போனில் தேடிப் பார்த்துவிட்டு, உலகத்தில் வேறு யாருக்கும் இந்தப் பெயர் இல்லை என்றான். "இன்னொருத்தர் இருந்தா போன் போட்டு அழுவலாமேன்னு பாத்தியாடா" என்று நீ கேட்டாய்.

பெயர் வந்த கதையைச் சாப்பாட்டு நேரத்தில் நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். மழை பொய்த்த ஒரு வருஷம். ஊர்க் கோயிலில் கஞ்சி ஊற்றும் பொறுப்பு உன் வீட்டுக்காரரின் முன்னோர் ஒருவருக்கு. எங்கெங்கிருந்தோ பசியோடு வந்த ஜனத்துக்கு அவர் பகல் முழுக்கக் காய்ச்சி ஊற்றினார். கடைசியில் அடிச்சட்டியை வழித்துத் தான் குடிக்கும்போதுதான் உப்பே போடவில்லை என்று தெரிந்தது. குடித்த சனம் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. சமைத்தவன் மனசு நோகக் கூடாதென்று இருந்தார்களா, பசியா, யாருக்குத் தெரியும். அவர் மறுநாள் ஊரைக் கூட்டி, இனி தன் வீட்டை இந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம்.

உன் வீட்டுக்காரர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். முப்பாட்டனார் கடலூருக்கு உப்பு வாங்க வண்டி கட்டிப் போனார், அங்கே ஒரு பெண்ணைப் பார்த்தார், உப்பை மறந்து பெண்ணோடு திரும்பினார், அவ்வளவுதான் என்பார். இரண்டில் எது நிஜம் என்று நீங்கள் கடைசிவரை சண்டை போட்டீர்கள். எனக்கு உன் கதைதான் பிடிக்கும். அதற்குச் சாட்சியாக உங்கள் பந்தி இருந்தது.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் இலை ஓரத்தில் உப்பு வைக்க மாட்டார்கள். முதல் கரண்டி சாம்பாரும் உப்பில்லாமல் தனியாக இறக்கியது. அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் உப்பு கேட்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் உப்பும் வரும், நல்ல சாம்பாரும் வரும். உன் கல்யாணத்தில் இதை உனக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து, "உப்பு இல்லீங்க" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாயாமே. அந்தப் பேச்சு உன்னை எத்தனை வருஷம் துரத்தியது.

அப்புறம் கம்மாபுரம் பக்கத்தில் இருந்த உங்கள் ஊரே நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது. ஆளுக்கொரு திசையில் மாற்று மனை கிடைத்தது. ஊர் இருந்தவரை பெயருக்கு ஓர் இடம் இருந்தது. கல்யாணப் பத்திரிகையிலும் சாவு போஸ்டரிலும் மட்டும்தான் பிறகு அது தலை காட்டியது. கடைசியாக நான் அதை அச்சில் பார்த்தது உன் கண்ணீர் அஞ்சலி பேனரில்.

ஆஸ்பத்திரியில் உனக்கு உப்பில்லாத இட்லி கொடுத்தார்கள். "பேரு இங்க வரைக்கும் தொரத்திக்கிட்டு வந்துடுச்சு பாருக்கா" என்று சிரித்தாய். சிரித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அவன் கல்யாணத்துல மொத கரண்டிய மறந்துடாதக்கா. பத்திரிகைல பேரு போடச் சொல்லு." நான் தலையாட்டினேன். உயிரோடு இருப்பவர்களுக்குத் தலையாட்டுவது சுலபம்.

பெண் மங்களூர்ப் பக்கம். அதுதான், திட்டக்குடிக்குப் பக்கத்து மங்களூர். நல்ல குடும்பம், குறை சொல்ல முடியாது. அச்சடிக்கும் முன் மாதிரிப் பத்திரிகையைப் பார்க்கப் பெண்ணின் தாய்மாமன் வந்திருந்தார். உங்கள் வீட்டுப் பெயரில் விரலை வைத்தார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. உப்பு போட மறந்தவங்கள என்னங்க பண்றது?" தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் விரலை எடுக்கவில்லை. சொந்தபந்தம் சிரிக்கும், இந்த வரி மட்டும் வேண்டாமே என்றார்.

நான் உன் மகன் முகத்தைப் பார்த்தேன். வேலை, கடன், மண்டபம், துணி என்று அலைந்து அவனும் களைத்துப் போயிருந்தான். "எடுத்துடலாம் பெரியம்மா, வுடுங்க" என்றான். நான் விட்டுவிட்டேன். முன்பென்றால் அந்தத் தாய்மாமனுக்கு நல்ல பதில் கிடைத்திருக்கும். இப்போது பதில் நாக்கு வரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. ஒரு பெயர் காணாமல் போக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை என்று அன்று முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

கரண்டியையாவது விடக் கூடாது என்று கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே மண்டபத்துச் சமையற்கட்டுக்குப் போனேன். ஒரு சின்னக் குண்டான் சாம்பார் மட்டும் உப்பில்லாமல் இறக்குங்கள் என்றேன். உப்பில்லாமல் இறக்கினால் தன் பேர் கெட்டுவிடும் என்றார் சமையல்காரர். பேர் கெட்டால் நான் பொறுப்பு, பேரைக் கெடுத்துக்கொள்வதில் பழக்கப்பட்ட குடும்பம்தான் இது என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். அவருக்குப் பாவம் ஒன்றும் புரியவில்லை.

முதல் பந்தி. மாப்பிள்ளை, பெண் இலைகளில் உப்பு வைக்க வந்த பையனை அப்புறம் வரச் சொல்லிவிட்டு, குண்டானிலிருந்து நானே ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினேன். உன் மகன் ஒரு கவளம் வாயில் வைத்ததும் நிறுத்திவிட்டான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். அந்தப் பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லட்டுமா என்று எனக்கு வாய் வரை வந்தது. அவள் எதையும் கவனிக்காதவள்போல நிதானமாகப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.

சாயங்காலம் அவள் புடவை மாற்றும்போது மெதுவாகக் கேட்டேன், மத்தியானம் சாம்பார் எப்படி இருந்தது என்று. கொஞ்சம் தயங்கினாள். "உப்பு இல்லன்னு தெரிஞ்சுதுங்க. நீங்களே வந்து ஊத்துனீங்க. சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு இருந்துட்டேன்."

பாய் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு முழுக் கதையையும் சொன்னேன். பசித்த சனம், வாய் திறக்காத சனம், அடிச்சட்டி எல்லாம். உன் வீட்டுக்காரர் கதையையும் சேர்த்தே சொன்னேன், பாவம், அவரும் இருக்கட்டும். நீ மண்டபம் அதிரக் கேட்டதைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெயரைக் கேட்டு ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவள் மாமாவின் விரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பத்திரிகையில் உங்கள் வீட்டுப் பெயர் வரவில்லையடி. அது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் அந்தப் பெயருக்குச் சரியான ஆள், பெயர் தெரியாமலேயே உன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். மருமகள் மாமியாரை மிஞ்சிவிட்டாள், கோபித்துக்கொள்ளாதே.

இங்கே என் மருமகள் வந்து கஞ்சி நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். தினமும் அப்படித்தான் சொல்கிறேன். அவள் நல்லதுக்குத்தான் செய்கிறாள். சொல்லாமல் சாப்பிடுவதை உங்கள் வீட்டில் கற்றுக்கொண்டுவிட்டேன். உன்னிடம் மட்டும் அது முடியவில்லை.

உப்பு இல்லைடி. எதிலுமே இல்லை.