தண்ணீரில் நட்ட நல்வரவு

நைனா,

தேவியின் கல்யாணம் நல்லபடி முடிந்தது. என் விரலில்தான் இன்னும் முடியவில்லை. நகத்துக்குள் படகுப் பெயிண்டின் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. முகர்ந்தால் பெயிண்ட், அதற்கடியில் மீன் பெட்டிப் பலகையின் இறால் வாசனை. உடனே நீ வந்து உட்கார்ந்துவிட்டாய், லுங்கியை மடித்துக்கட்டி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு.

நிச்சயம் முடிந்த அன்றே தேவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "உன் கல்யாணத்துக்கு நைனா இருந்தாரு, நைனா செஞ்ச போர்டும் இருந்துச்சு. எனக்கு இன்னாக்கா கீது?" என்றாள். நீ எங்களை விட்டுப் போய் ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது.

என் கல்யாணத்துக்கு நீ அடித்த கூத்தை நினைத்துக்கொண்டேன். பொன்னேரியில் பேனர் அடிக்கலாம் என்றதற்கு, "நம்ம மூஞ்சிய நம்ம ஊர்ல எவனுக்குக் காட்டணும்? நானே செய்றேன்" என்று ஒரே போடு. குப்பத்தில் பாதிப் படகுகளுக்குப் பெயர் எழுதிய கை அல்லவா, அந்தத் தெனாவட்டு. முதலில் ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடியில் எழுதினாய். பெயிண்ட் அதைத் தின்று ஓட்டை ஓட்டையாக்கியது. பிறகு மீன் பெட்டிப் பலகைக்கு மாறினாய். நீலம் பூசி, வெள்ளை மட்டிச் சிப்பிகளை எழுத்தாக ஒட்டி, 'நல்வரவு'. இறால் வாசனைக்கு முதலில் வந்து சேர்ந்த விருந்தாளிகள் பூனைகள்.

அதோடு விட்டாயா? மாப்பிள்ளை வீட்டார் சுண்ணாம்புக்குளத்திலிருந்து படகில் வருகிறார்கள், ஏரியிலேயே வழி காட்டியாக வேண்டும் என்று சவுக்குக் கழிகளை வரிசையாகத் தண்ணீரில் நட்டாய். ஒவ்வொன்றிலும் ஒரு பலகை, உச்சியில் ஒரு சிவப்புத் துணி. கரையில் நின்று, "ஏர்போர்ட்டு மாதிரி கீது பாரு" என்று நீயே மெச்சிக்கொண்டாய்.

முகூர்த்தம் நெருங்கியது. படகுகள் நேராகத்தான் வந்தன. முதல் கழியைக் கண்டதும் ஒதுங்கின. அடுத்ததற்கு இன்னும் ஒதுங்கின. ஏரியில் கழி நட்டுத் துணி கட்டினால் அங்கே ஒருவனின் வலை கிடக்கிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் அன்றைக்கு அவன் பாடு, அங்கே வலை போட அவன் முறை. அடுத்தவன் படகு குறுக்கே போகாது. குப்பத்துக் குழந்தைக்கும் தெரிந்த இந்த வழக்கம், காலமெல்லாம் வலை போட்ட உனக்கு அன்றைக்குப் பார்த்து மறந்துபோனது. எழுத்தைப் படிக்கும் தூரத்துக்கு அவர்கள் வந்தால்தானே? மரியாதையாகச் சுற்றிக்கொண்டே போய்ச் சேற்றுத் திட்டில் தட்டி நின்றார்கள்.

புது வேட்டியோடு தண்ணீரில் இறங்கி, கழிகளைப் பிடுங்கிக்கொண்டே நீ கத்தினாய்: "வலை இல்லீங்க! போர்டு! வெறும் போர்டு!"

"வழி காட்டுறேன்னு மாப்பிள்ளைய சேத்துல வுட்டாரு இந்த மனுசன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை முழங்கால் சேற்றோடு வந்து சேர்ந்தார். கால் கழுவச் சொம்பு போதவில்லை, குடத்தோடு ஊற்றினாய். ஊற்றிக்கொண்டே சொன்னாய்: "மாப்ள, இனிமே எம் பொண்ணக் கேட்டுப் போங்க, என் வழிய நம்பாதீங்க." தாலி நேரத்தோடு ஏறியது. அவர் இதைச் சொல்லாத விருந்து இல்லை.

தேவியின் மாப்பிள்ளை வீட்டார் திருப்பாலைவனம் வழியாக வேனில் வந்தார்கள். வளைவுக்கு வளைவு நான் போர்டு வைத்தேன். 'பந்தி இந்தப் பக்கம்', 'செருப்பு இங்கே'. என் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நீயாக இருந்தால், காற்று பலமா என்று கேட்டிருப்பாய். தேவி நல்லா இருக்கு என்றாள், ஆனால் முகம் மலரவில்லை.

கல்யாணத்தன்று காலை, தலையில் பூ வைக்கும்போது சொன்னாள்: "அக்கா, தண்ணில ஒண்ணு நடு."

"வேன்ல வராங்கடி. தண்ணில யாருக்கு வழி காட்டணும்?"

"வழிக்கு இல்லக்கா."

புரிந்துவிட்டது. பரணிலிருந்து உன் பழைய 'நல்வரவு' பலகையை எடுத்தேன். சிப்பிகள் இரண்டொன்று உதிர்ந்திருந்தன. உன் மூத்த மாப்பிள்ளையே, அதே முழங்கால் சேற்றில் இறங்கி, பந்தலுக்கு நேர் எதிரே கழியை நட்டு, சிவப்புத் துணியும் கட்டிவிட்டு வந்தார்.

தாலி கட்டி முடிந்து நாங்கள் ஏரியைப் பார்த்தபடி நின்றோம். பக்கத்துக் குப்பத்துப் படகு ஒன்று நேராக வந்தது. கழியைக் கண்டது, ஒதுங்கிப் போனது. தேவி கிளுக்கென்று சிரித்தாள். அவர்களுக்கு என்ன தெரியும், வலை என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்து வந்தது நம் ஊர்ப் படகு, நம் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய உன் கூட்டாளிகள். கழி நட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள், அங்கே வலை இல்லை என்று தெரிந்தவர்கள். இன்ஜினைத் தணித்து, சுற்றி வளைத்துப் போனார்கள்.

"நைனாவோட பாடுக்கா அது" என்றாள் தேவி. மாலையும் கழுத்துமாக என் தோளில் சாய்ந்து அழுதாள், சிரித்தாள். நானும்தான்.

நகத்து நீலம் நாளடைவில் போய்விடும். கழியை நான் பிடுங்கவில்லை, நைனா. ஊரும் இன்னும் சுற்றித்தான் போகிறது.