கலந்ததா, வந்ததா

மார்ச் 2

சோடாபுட்டியாருக்கு,

நலம்தானே? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, உங்களை ஏய்க்கிறாளா?

ஆபீஸ் மின்னஞ்சலை எல்லாரும் படிப்பார்கள் என்பதால் தாளில் எழுதுகிறேன். கடலடியில் நாங்கள் தொங்கவிட்டிருக்கும் ஒளியுணர் கண்ணாடி உருண்டைகளுக்கு நடுவே ஒரு நியூட்ரினோத் துகள் நீல ஒளியைக் கிளப்பிவிட்டுப் போயிருக்கிறது. இத்தனை ஆற்றலோடு எங்களுக்கு இதுவரை ஒன்று வந்ததில்லை. வந்த வழியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால், எங்கோ தொலைவில் ஒரு விண்மீன் மண்டலத்தின் கருந்துளையில் போய் நிற்கிறது.

இதை ஆராயும் பொறுப்பு எனக்குத்தான்; ஏற்றால் இன்னும் ஒரு வருடம் இங்கேயே தங்க வேண்டும். துள்ளிக் குதிக்க வேண்டியவள் திருதிருவென்று விழிக்கிறேன். நாங்கள் தூங்கி வழிகிறோமா என்று பார்க்க, உங்கள் சோதனைக் குழு அவ்வப்போது பொய்ச் சமிக்ஞை ஒன்றைக் கலந்துவிடுமே. இது தானாக வந்ததா, நீங்கள் கலந்ததா? நான் கேட்கக் கூடாது, நீங்கள் சொல்லக் கூடாது. சரி, கேட்கவில்லை. ஃபோனை மட்டும் ஏன் எடுப்பதில்லை?

உங்கள் வாயாடி

மார்ச் 7

என் வாயாடிக்கு,

விதி உனக்குத் தெரியும். நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் இதை நம்பி இன்னும் ஒரு வருடம் அங்கே தங்குவதாக ஒப்புக்கொண்டுவிடாதே. பிறகு நாலு பேர் உன்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்குத் தாங்காது. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "அம்மா எப்ப வருவாங்க?" என்று நச்சரிக்கிறாள். உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சோடாபுட்டி

மார்ச் 12

சோடாபுட்டியாருக்கு,

புரிந்துகொண்டேன். சமிக்ஞையைப் பக்கத்து மேசை நெட்டையரிடம் தள்ளிவிட்டேன். "ஏங்க, நிஜமாவே வேண்டாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "நீங்களே வெச்சுக்குங்க" என்றேன். ஊருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

ஆனாலும் மனசு குறுகுறுக்கிறது. நம் காதலைப் பற்றிக் கல்யாணம் நிச்சயமாகும் வரை பெற்ற அம்மாவிடமே வாய் திறக்காத ஆள் நீங்கள். எனக்காகவா விதியை மீறினீர்கள்? பெருமைப்படுவதா, சந்தேகப்படுவதா? இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கிறேன்.

வாயாடி

மார்ச் 15

வாயாடி,

எதையாவது போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஸ்டேஷனுக்கு நானும் பாப்பாவும் வந்து நிற்போம்.

சோடாபுட்டி

மார்ச் 21

பாப்பாவின் அப்பாவுக்கு,

இன்று கூட்டத்தில் இயக்குநர் எழுந்து, "இந்தத் தடவை சோதனைக் குழு எதையும் கலக்கல" என்றார். ஒரே கைதட்டல். நெட்டையர் என் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான் கைதட்டினேன். தொலைநோக்கிக்காரர்கள் அந்தக் கருந்துளைப் பக்கம் திரும்பிவிட்டார்களாம்.

பொய் சொல்லவில்லையே என்பீர்கள். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லைதான். ஆனால் கலந்ததுதான் என்று நான் நம்பும்படி எழுதினீர்கள். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். விடுமுறைக்குப் பாப்பாவை என் தங்கை அழைத்து வருவாள். நீங்கள் வர வேண்டாம்.

'எனக்கு நீ வேண்டும், வா' என்று எழுதியிருந்தால், கலந்ததோ வந்ததோ, அன்றைக்கே கிளம்பியிருப்பேன்.

பாப்பாவின் அம்மா