ஜெயில் செலவுக்குத் தூக்கிய கை

1931, ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. ஜொகூர் பாரு.

இன்று சட்டசபையில், சர்க்கார் நியமித்த ஒரே தமிழ் உறுப்பினனாக, ஜெயிலைப் பற்றிக் கேள்வி கேட்டேன். கைதிகளுக்கு ஏன் புழுத்த அரிசி போடுகிறார்கள் என்று. ஜெயில் துரை எழுந்து, "எந்தக் கைதியும் புகார் செய்யவில்லை" என்று படித்துவிட்டு உட்கார்ந்தார். புகாரை வார்டரிடம்தான் கொடுக்க வேண்டும். பிரம்பும் அவன் கையில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல எழுந்தேன். ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் வழக்கம் என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

அடுத்து ஜெயில் செலவு ஓட்டுக்கு வந்தது. எல்லாக் கைகளும் எழுந்தன. எதிர்த்தால் மறுபடி நியமிக்க மாட்டார்கள், அப்புறம் கேட்கவும் நாதியிருக்காது என்று நானும் தூக்கினேன்.

வெளியே முனியம்மா காத்திருந்தாள். பெக்கோக் ரப்பர் தோட்டத்துக்காரி. மகன் ஜெயிலில் இருக்கிறான்.

"கேட்டீங்களா ஐயா?"

"கேட்டேம்மா."

"இனிமே நல்ல அரிசி போடுவாங்களா?"

"பார்க்கலாம்."

"எங்களுக்குன்னு நீங்க ஒருத்தராச்சும் இருக்கீங்களே" என்று என் வலது கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். இழுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

சபையில் தூக்கியது அந்தக் கைதான். இதை எழுதுவதும் அதுதான்.